தீபாவளிக்கு மறுநாள் வாருங்கள்

சென்னை வால்டாக்ஸ் சாலையில் பூட்டிய கடை ஒன்றின் படிக்கட்டில் அந்த ஆயா உட்கார்ந்திருந்தார். தீபாவளியன்று பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். பக்கத்தில் ஏழு பொட்டலங்கள்: மூன்று பிரியாணி, இரண்டு சாம்பார் சாதம், ஒரு வெஜிடபிள் ரைஸ், ஒரு ஸ்வீட் பாக்ஸ். நாங்கள் கொண்டுபோனது எட்டாவது. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். கொடுக்க வந்தவர் மனம் நோகக் கூடாது என்ற நாகரிகம் அவருக்கு இருந்தது. நாங்கள் நகர்ந்தபோதுதான் சொன்னார்: "இன்னிக்கு எல்லாரும் வருவாங்க கண்ணு. முடிஞ்சா நாளைக்கு வா."

மறுநாள் நான் போகவில்லை. மாமியார் வீட்டில் விருந்து. அதற்கு அடுத்த நாள் போய், "நேத்து என்ன ஆயா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "டீயும் பன்னும்" என்றார். அதுவும் ஒரே வேளை. பக்கத்து டீக்கடை திறக்கவில்லையாம், கொஞ்சம் தள்ளி நடந்துபோய் வாங்கியிருக்கிறார்.

பண்டிகைக் காலத்தில் வீடில்லாதவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் நாட்களில் சென்ட்ரல், பாரிமுனை, எழும்பூர்ப் பக்கம் சாப்பாடு தேவைக்கு மேல் குவிகிறது. அடுத்த நாளே வற்றிவிடுகிறது. அந்த மறுநாள் மற்ற நாட்களைவிட மோசமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஊழியர்கள் ஊருக்குப் போய்விடுவதால் சின்ன மெஸ்களும் கையேந்தி பவன்களும் இரண்டு மூன்று நாள் திறப்பதில்லை. மொத்த வியாபாரக் கடைகள் சாத்தியிருக்கும். லாரி வராது, லோடு இறங்காது. லோடு இறங்காவிட்டால் மூட்டை தூக்குகிறவருக்கும் வண்டி இழுக்கிறவருக்கும் கூலி கிடையாது. நமக்கு விடுமுறை என்றால் அவர்களுக்குச் சம்பளம் இல்லாத நாள் என்று அர்த்தம்.

இன்னொன்று மழை. நம் ஊரில் பண்டிகைக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தெருவில் படுக்கிறவருக்கு வயிற்றைவிடப் பெரிய கவலை அப்போது முதுகுக்குக் கீழே இருக்கும் ஈரம். பட்டாசு வெடிக்கக் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று தமிழ்நாட்டில் நேரம் குறித்திருக்கிறார்கள். அதை எத்தனை தெருவில் மதிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். பிளாட்பாரத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறவள் எதைச் சாத்துவாள்?

சரி, வீடற்றவர்கள் என்றால் யார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கென்று தனி வகை உண்டு. திறந்தவெளி, சாலையோரம், நடைபாதை, பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை போன்ற இடங்களில் வசிப்பவர்கள் அதில் வருவார்கள். 2011 பிப்ரவரி 28 அன்று இரவு ஊழியர்கள் தெருத்தெருவாகப் போய் எண்ணினார்கள். நாடு முழுவதும் கிடைத்த எண்ணிக்கை 17 லட்சத்துக்கும் அதிகம். ஒரே இரவில் எண்ணியதால் விடுபட்டவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களின் பொதுவான கருத்து.

இவர்கள் எல்லாரும் பிச்சை எடுப்பவர்கள் என்ற நினைப்பை மூட்டை கட்டி வைத்துவிடலாம். வடசென்னையில் தாத்தா காலத்திலிருந்து ஒரே தெருவில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. "நாங்க இங்கயே பொறந்து வளர்ந்தவங்க" என்பார்கள், அது உண்மைதான். ஆண்கள் மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள், மூட்டை தூக்குவார்கள். பெண்கள் பூக்கட்டுவார்கள், வீட்டு வேலைக்குப் போவார்கள், குப்பை பொறுக்கிப் பிரிப்பார்கள். கல்யாண மண்டபத்தில் உங்கள் இலையில் சாம்பார் ஊற்றும் கேட்டரிங் பையன் அன்றிரவு எங்கே படுக்கிறான் என்று நாம் விசாரித்ததில்லை.

இவர்களைத் தவிர, பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். மனநோயோடு அலைகிறவர்கள், வேலை தேடி வந்த வெளிமாநிலத்தவர்கள் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து வாரக்கணக்கில் வராந்தாவில் படுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பொட்டலம் என்பது கொடுப்பவருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

"அரசாங்கம்தான் வீடு கொடுக்கிறதே, ஏன் போவதில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்திருக்கிறது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் இருக்கின்றன. ஆனால் பூக்கடைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வர வேண்டியவர் பெரும்பாக்கத்திலிருந்து எந்தப் பஸ்ஸில் வருவார்? பாரிமுனையில் பிழைப்பு இருக்கிறவர் படுக்கையையும் பாரிமுனையிலேயே போட்டுக்கொள்கிறார். இதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், பஸ் கட்டணமும் நேரமும் போட்டுப் பார்த்த கணக்கு அது.

இனி, சாப்பாடு. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, அன்னதானம் நம் ரத்தத்தில் ஊறியது. அந்த அடுப்புக்கு அணையா அடுப்பு என்று பெயர் வந்தது எல்லா நாளும் எரிவதால்தான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஆகவே முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நல்லது. புயல் எச்சரிக்கை வந்து ஊரே வீட்டுக்குள் முடங்கும் நாள் இன்னும் நல்லது. அன்றைக்கு உங்கள் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். நடக்க முடிகிறவர்கள் பகலில் அம்மா உணவகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம் என்று 2013இல் ஆரம்பித்த அந்தக் கவுன்ட்டர்களின் அருமை பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இடைவெளி விழுவது இரவில், அதுவும் நடக்க முடியாதவர்களுக்கு.

பொட்டலத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் யோசனை வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆக்கி, சுடச்சுட மூடிக் கட்டி, மதியம் இரண்டு மணிக்குக் கொடுக்கிறோம். வாங்கியவர் பத்திரப்படுத்தி இரவு எட்டு மணிக்குப் பிரிக்கிறார். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் சமைக்கும் சூட்டுக்குச் சாகாது. அது உண்டாக்கும் ஒரு வகை நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. நள்ளிரவில் வயிற்றுப்போக்கு வந்தால் நமக்கு வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. அவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அந்த நேரத்தில் போக இடமே இல்லை. ஆகவே ஆக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். "இப்பவே சாப்பிட்டுடுங்க, ராத்திரிக்கு வைக்காதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். கெடாமல் தாங்க வேண்டுமென்றால் வாழைப்பழம், பன், வேர்க்கடலை மிட்டாய், பிஸ்கட், சீல் வைத்த தண்ணீர் பாட்டில் எவ்வளவோ மேல். பல் இல்லாத பெரியவருக்குப் பரோட்டாவும், சர்க்கரை நோயாளிக்கு அரைக் கிலோ மைசூர்பாகும் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் எனக்கும் உண்டு. "சுகர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கூட்டம் கூட்டிக் கொடுக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்கக் காத்திருந்த கூட்டம் நெரிசலில் சிக்கி 42 பேர் செத்தார்கள். 2023 பிப்ரவரியில், தைப்பூசத்துக்கு முந்தைய நாள், வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் கொடுத்த இடத்தில் நான்கு பெண்கள் செத்தார்கள். ஒரு வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, "வரிசையா வாங்க" என்று கத்துவது அதே வேலையின் சின்ன வடிவம்தான். பலசாலி முன்னால் வருவான், கிழவி பின்னால் நிற்பாள். நீங்கள்தான் ஒவ்வொருவர் இடத்துக்கும் நடந்து போக வேண்டும். நான்கு பேர், இரண்டு பை, ஒரு தெரு. அவ்வளவு போதும்.

பொருள்களில் எல்லாரும் கம்பளி வாங்குகிறார்கள். இந்தப் பழக்கம் டெல்லிக் குளிரைத் தொலைக்காட்சியில் பார்த்து வந்ததோ என்னவோ. சென்னையில் கம்பளி ஒரு மழையில் நனைந்தால் மூன்று நாளைக்குக் காயாது, நாறும், கடைசியில் பிளாட்பாரத்திலேயே கிடக்கும். இங்கே வேண்டியது தார்ப்பாய். மேம்பாலத்துக்கு அடியிலும் கடை ஓரத்திலும் கூரையாகத் தொங்குவது எது என்று உற்றுப் பாருங்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனர். ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் சிரிப்புக்குக் கீழே ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் அலுவலகத்தில் விழா முடிந்து சுருட்டி வைத்த பேனர் இருந்தால், கிழியாத நைலான் கயிற்றோடு கொண்டுபோய்க் கொடுங்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

அதற்கு அடுத்தபடியாகக் கொசுவலை, சீக்கிரம் காயும் மெல்லிய போர்வை, ரப்பர் செருப்பு, சானிட்டரி நாப்கின், சோப்பு. ரேஷன் அட்டையையும் மருந்துச் சீட்டையும் நனையாமல் வைத்துக்கொள்ள ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று. கடையில் சில ரூபாய்தான் விலை. ஆனால் மழையில் ஊறிக் கூழான ஒரு மருத்துவமனை நோட்டைப் பார்த்தவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

பழைய துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு அலமாரியைக் காலி பண்ணி, கிழிந்த பனியன் முதல் கல்யாண ஷெர்வானி வரை ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அவர்களுக்கு அலமாரி இல்லை. ஒரு கோணிப்பைதான் சொத்து. நான்கு புடவை கிடைத்தால் இரண்டை விட்டுத்தான் போக வேண்டும். பண்டிகை என்பதால் கொடுப்பதானால் புதுத்துணி ஒன்று, அளவு கேட்டு வாங்கிக் கொடுங்கள். எல்லாரும் மறந்துபோவது உள்ளாடையைத்தான்.

காப்பகங்கள் பக்கம் வருவோம். உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே 66 லட்சத்துக்கு மேல். அந்த அளவுகோலின்படி அறுபதுக்கு மேல் காப்பகங்கள் வேண்டும். மாநகராட்சியின் கணக்கில் இருப்பவை ஐம்பதை ஒட்டித்தான். ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, சிறுவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்கு என்று தனித்தனியாக உண்டு. இடம் மாநகராட்சியுடையது, நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று 1913க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

அங்கே போவதாக இருந்தால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். பண்டிகை நாளில் ஒரே காப்பகத்துக்கு மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் கேக்கோடு வந்து நிற்பதும், உள்ளே இருக்கும் பெரியவர்கள் மூன்று முறை கை தட்டுவதும் பார்க்கச் சகிக்காது. பொறுப்பாளரிடம், "எந்தத் தேதியில் யாரும் வரமாட்டார்கள்?" என்று கேளுங்கள். அந்தத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். முடி வெட்டத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பழுதான மின்விசிறியைச் சரிபார்க்கலாம். ஊழியருக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு நீங்கள் இரவுக் காவல் இருக்கலாம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது, தீபாவளி இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் கேரம் போர்டில் உட்காருங்கள். தாத்தாக்கள் ஆட்டத்தில் உங்களை ஜெயிக்க விட மாட்டார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் புகைப்படம் கிடைக்காது, அதனால் யாரும் வருவதில்லை. காகித வேலை. பொங்கலுக்கு அரசு தரும் பரிசுத் தொகுப்பு அரிசிக் குடும்ப அட்டைக்குத்தான். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கும் குடும்ப அட்டையைத்தான் பார்க்கிறார்கள். முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய்க்கும் ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். முகவரி இல்லாதவருக்கு அட்டை இல்லை, அட்டை இல்லாதவருக்கு அரசாங்கத்தின் கரும்புகூட இல்லை.

வழி இல்லாமல் இல்லை. காப்பகத்தில் தங்குபவருக்கு அதன் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதார் எடுக்க இடம் உண்டு. வாக்காளர் பட்டியலுக்கான விதி இன்னும் அழகானது. வீடற்றவர் படிவம் 6இல் தான் தூங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் இரவுக்கு மேல் நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்துவிட்டால் போதும், முகவரிக்கு வேறு ஆவணம் கேட்கக் கூடாது. இந்த விதி ஏட்டிலேயே தூங்குவதற்குக் காரணம், படிவத்தை நிரப்பி, அலுவலகத்துக்கு நான்கு முறை நடக்க ஆளில்லாததுதான். ஒருவருடைய அரை நாள் கூலி போகாமல் அந்த நடையை நீங்கள் நடந்தால், அதுதான் சேவை. நூறு பொட்டலத்தைவிட ஓர் அட்டை பெரிது என்று நான் நினைக்கிறேன்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. தனக்குத்தானே பேசிக்கொண்டு, அழுக்கு மூட்டையோடு அலைபவரை வலுக்கட்டாயமாகக் குளிப்பாட்டி, மொட்டை அடித்து, அதை வீடியோ எடுத்துப் போடும் கலாசாரம் வளர்ந்திருக்கிறது. பார்க்க உருக்கமாக இருக்கும். அந்த மனிதர் சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, இப்படி அலைபவரைக் காவல் துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வழி வகுக்கிறது. சென்னைக் காவல் துறைக்கு இதற்காகவே 2021 முதல் 'காவல் கரங்கள்' என்ற பிரிவு இருக்கிறது. தெருவில் அலையும் மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993இல் தொடங்கிய 'தி பானியன்' அமைப்பு சென்னையில்தான் இருக்கிறது. உங்களால் முடிந்தது தண்ணீர் கொடுப்பது, தள்ளி உட்கார்ந்து பெயர் கேட்பது, 112க்கோ மேலே சொன்னவர்களுக்கோ தகவல் சொல்வது. யாராவது பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று முடிவு பண்ணாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கியவரும் அப்படித்தான் கிடப்பார்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவருடைய பேத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அவளுடைய தோழிகளிடமும் போன் இருக்கிறது.

பிள்ளைகளிடம் "மறுபடி வர்றேன்" என்று சொல்லாதீர்கள், வரப்போவதில்லை என்றால். அவர்கள் தேதி எண்ணுவார்கள்.

வால்டாக்ஸ் சாலை ஆயாவை நான் அந்த மழைக்காலத்தில் மேலும் நான்கு முறை பார்த்தேன். மூன்றாவது முறை போனபோதுதான் தன் பெயரைச் சொன்னார். நான்காவது முறை, முதியோர் ஓய்வூதியத்துக்கு எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று அவராகவே கேட்டார். ஆதார் அட்டை இருந்தது. 2015 வெள்ளத்தில் நனைந்து எழுத்து அழிந்திருந்தது.

இந்தத் தீபாவளிக்கு நீங்கள் வீட்டில் இருங்கள், பலகாரம் சாப்பிடுங்கள். நாட்காட்டியில் அதற்கு அடுத்த கட்டத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது பிளாஸ்டிக் உறையும் ஒரு பேனாவும் எடுத்துப் போங்கள்.